கேண்டனீஸ் 'லெங்': எதற்கெல்லாம் சொல்லலாம்?

கேள்வி (சாம் ஷுய் போ வாசி):
ஹாங்காங்கில் தங்கி கேண்டனீஸ் படித்துக்கொண்டிருக்கிறேன். 'லெங்' என்றால் அழகு என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் பெய் ஹோ தெருச் சந்தையில் காய் விற்கும் அம்மா ஒரு கட்டு சோய் சம் கீரையை எடுத்து நீட்டி 'ஹோ லெங்' என்கிறார். மீன் கடையிலும் அதே சொல். எங்கெல்லாம் சொல்லலாம்? ஆங்கில 'is' போல நடுவில் 'ஹாய்' (ஆகும்) சேர்க்க வேண்டுமா?

பழைய கௌலூன்காரன்:
தம்பி, அந்த அம்மா சொல்வது தரத்தை. 'முருங்கைக்காய் அருமையா இருக்கு, எடுத்துக்கோங்க' என்பார்களே, அதேதான். ஆள், உடை, வீடு என்றால் அழகு. காய், மீன், தேயிலை என்றால் நல்ல சரக்கு. நெடுநேரம் கொதித்த நல்ல சூப்பும் 'லெங் தோங்'தான். சாப்பிட்டுவிட்டு ருசியைப் பாராட்ட மட்டும் 'ஹோ ஸிக்' என்று சொல்லுங்கள்.

'ஹாய்' வேண்டாம். 'அவள் அழகு' என்று தமிழில் சொல்லும்போது நடுவில் எதுவும் போடுகிறோமா? ஆங்கிலம் வழியாக யோசிக்காதீர்கள், நேராகத் தமிழிலிருந்து போங்கள். ஒரே வித்தியாசம், 'கொய் லெங்' ('கொய்' என்றால் அவன் அல்லது அவள்) என்று மொட்டையாக நிறுத்தினால் யாருடனோ ஒப்பிடுவது போலத் தொனிக்கும். அதனால் 'கொய் ஹோ லெங்'. அந்த 'ஹோ'வை லேசாகச் சொன்னால் 'ரொம்ப' என்ற அர்த்தம் வராது, அழுத்தினால்தான் வரும். 'ஹாய்' போட்டால் 'அழகுதான், ஒத்துக்கொள்கிறேன்' என்ற தொனி. இல்லை என்பதற்கு 'ம் லெங்'.

ஈப்போ தமிழன்:
மலேசியாவில் எங்கள் ஊர்ச் சந்தையில் தமிழ்ப் பையன்களையும் 'லெங் சாய்' (அழகுப் பையன்) என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் 'தம்பி' என்பது போல. ஆனால் தொனியை, அதாவது சொல்லின் குரல் ஏற்ற இறக்கத்தை, கவனியுங்கள். 'லெங்' மூன்றாம் தொனி, நடுக்குரலில் சமமாக வர வேண்டும். குரலை உயர்த்தி முதல் தொனியில் 'லெங் சாய்' என்றால் 'பொடிப்பயல்' என்றாகிவிடும். பார்த்தால் சின்ன விஷயம், கேட்பவருக்கு அப்படி இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. இதைவிட நல்லதாக இருக்கிறதா என்று கடையில் எப்படிக் கேட்பது?

பழைய கௌலூன்காரன்:
'யாவ் மோ லெங் டி?' அவ்வளவுதான். இரண்டை ஒப்பிட 'லெங் க்வோ': உயர்ந்தது முன்னால், மற்றது பின்னால். மாண்டரின் படித்திருந்தால் அந்த வரிசையை இங்கே கொண்டுவர வேண்டாம். அப்புறம், சா சான் தெங் உணவகத்தில் பரிமாறுபவர் உள்ளே பார்த்து 'லெங் சாய்' என்று குரல் கொடுத்தால், அது வெறும் வெள்ளைச் சோறு. 'லெங் லொய்' (அழகுப் பெண்) என்றால் வெறும் கஞ்சி.