ஸ்ட்ராபெர்ரி இலையில் சிலந்திப்பேன்: உங்கள் தோட்டத்தில் எப்படி?

மலேசியாவின் கேமரன் மலை, ரிங்லெட்டிலிருந்து எழுதுகிறேன். பிப்ரவரியில் மழை குறைந்ததும் எங்கள் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஓர வரிசைச் செடிகள் வெளிற ஆரம்பித்தன, இலையெல்லாம் பொடிப்பொடியாக மஞ்சள் புள்ளி. உரம் பத்தவில்லை என்றார் ஒருவர், மருந்துக் கடையில் கேட்டால் பூச்சிமருந்தை எடுத்து நீட்டினார்கள். தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்த என் மாமியார்தான் "செம்பேன் வேலை மாதிரில்ல இருக்கு" என்றார். தேயிலையில் அது முற்றின இலையின் மேற்பக்கம் உட்காரும், இங்கே மேலே ஒன்றையும் காணோம். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்தால், நரம்போரமாக அரை மில்லிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் உடம்பு, இரண்டு பக்கமும் கரும்புள்ளி, எட்டுக் கால், கண்ணாடி மணி மாதிரி முட்டைகள், மெல்லிய நூலாம்படை.

எட்டுக் கால் என்றால் அது பூச்சியே இல்லை, சிலந்தி வகை. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை அடித்தால் இதைத் தின்னும் நல்ல பேன்கள்தான் முதலில் சாகும், அப்புறம் இது தாறுமாறாகப் பெருகும். சூடு 30 டிகிரியை எட்டினால் முட்டை வளர்ந்து தானும் முட்டையிட ஒரு வாரம், பத்து நாள் போதும். கூரை இருப்பதால் மழையும் கழுவாது. நாங்கள் அடி இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி வெளியேற்றினோம், சாயங்காலமாகப் பார்த்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி சோப்பு எண்ணெய் அடித்தோம். மேலாக அடித்துவிட்டு வந்தால் பிரயோசனமே இல்லை. சிலந்திப்பேன் மருந்தே வேண்டுமென்றால் வகையை மாற்றி மாற்றி அடியுங்கள், ஒரே மருந்து சீக்கிரம் பழகிவிடும்.

— பிரிஞ்சாங்கிலிருந்து:
அக்கா, எங்களுக்கு வந்தது இலைப்பேன். பழம் செம்பு நிறமாகி, சொரசொரவென்று நின்றுவிட்டது. பூவை வெள்ளைத்தாளில் தட்டினால் ஒல்லியாக ஓடும், ஆறு கால், அதனால் அது பூச்சிதான். பூ விட்டதும் தட்டிப் பாருங்கள், பழத்தில் தெரியும்போது ரொம்பத் தாமதம்.

— தானா ராத்தாவிலிருந்து:
லென்ஸில் பார்க்கும்போது புள்ளி இல்லாமல், பளபளவென்று, விறுவிறுவென ஓடுகிற பேனும் இருக்கிறதா பாருங்க அண்ணே, அக்கா. பெரும்பாலும் அது நமக்கு உதவுகிற நல்ல பேன். நியோசியூலஸ் லாஞ்சிஸ்பினோசஸ் என்ற வகை நம் நாட்டிலேயே இருக்கிறது, சிலந்திப்பேனையும் முட்டையையும் தின்னும். அது நிறைய இருக்கிற வரிசையில் நான் மருந்துத் தொட்டியை இறக்குவதே இல்லை.