மறு: படச்சட்டத் தொழிலர் கூடும் நிகழ்ச்சி – ‘வணிகக் கண்காட்சி’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்த் தமிழ்ச்சங்க மலருக்கு என் தொழிலைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஒரு சொல்லில் முட்டி நின்றேன். அதைத்தான் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். அமெரிக்காவில் படங்களுக்குச் சட்டம் போடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களும், அவர்களுக்குச் சட்டக் கட்டை, அட்டை, கண்ணாடி, வெட்டுப்பொறி முதலியவற்றை விற்கும் நிறுவனத்தாரும் வட்டார அளவில் ஒன்றுகூடும் நிகழ்ச்சிக்குத் தமிழில் என்ன பெயர்? ‘வட்டார வணிகக் கண்காட்சி’, ‘மண்டல வர்த்தக மாநாடு’, ‘தொழிற்கூட்டம்’, ‘சங்கமம்’, ‘சாத்து’ என ஐந்து பரிந்துரைகள் வந்துள்ளன. எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆனால் எதையும் என்னால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். 1971இல் தொடங்கப்பட்ட தொழில்முறைப் படச்சட்டக்காரர் சங்கத்துக்கு வட்டாரக் கிளைகள் உண்டு. கிளையினர் ஏதாவது விடுதிக் கூடத்தையோ, மொத்த வியாபாரியின் கிடங்கையோ ஒரு நாளைக்குப் பேசி எடுத்துக்கொள்வார்கள். நான் போனவற்றில் கூட்டம் நூறு பேரைத் தாண்டியதில்லை. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. ஒரு பக்கம் மேசை மேசையாகச் சரக்கு; மறுபக்கம் வகுப்பு. சட்டக் கட்டைக்கு லார்சன்-ஜூல், அட்டைக்குக் கிரெசன்ட், கண்ணாடிக்கு டிரூ வியூ என்பவை இத்துறையில் எல்லாரும் அறிந்த பெயர்கள்.

ஒரு மேசையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். சட்டக் கட்டையின் மாதிரிகள் முழு நீளத்தில் இருப்பதில்லை. 45 பாகையில் அறுத்துச் சேர்த்த இரண்டு சிறு துண்டுகள், கவட்டை போல, துணி ஒட்டிய பலகையில் வரிசையாகத் தொங்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் அதன் முகப்பைப் பார்ப்பார், தங்கத்தாளின் மினுக்கைப் பார்ப்பார். இருபது ஆண்டு ஆனவர் அதைக் கையில் எடுத்தவுடன் திருப்பிவிடுவார். பின்பக்கத்துக் காடிக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். (காடி என்பது நம் தச்சர்களின் சொல்; கதவுச் சட்டத்தில் பலகை உட்கார எடுக்கும் பள்ளத்துக்கும் அதுவே பெயர். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்று இந்த இழையிலேயே வேண்டிக்கொள்கிறேன்.) கண்ணாடி 2 மி.மீ., அதன்கீழ் படம் தெரிய நடுவே சன்னல் வெட்டிய அட்டை ஏறத்தாழ 1.5, படத்தைத் தாங்கும் அட்டை இன்னொரு 1.5, பின்னட்டை 3 என்று கூட்டினால் 8 மி.மீ. வந்துவிடும்; காடி அதற்குக் குறைந்தால் பின்னட்டை துருத்திக்கொண்டு நிற்கும், படம் சுவரோடு ஒட்டி உட்காராது. முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் அந்தத் துண்டைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அடுத்த மேசையில் ஒரே படத்தின் இடப்பாதியைச் சாதாரணக் கண்ணாடியும், வலப்பாதியை எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சிட்ட கண்ணாடியும் மூடியிருக்கும். குனிந்தால் இடப்பாதியில் நம் முகமும் தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கும் தெரியும். வலப்பாதியில் படம் மட்டுமே. விற்பனையாளர் பேசவே தேவையில்லை. பேச்சு வேறு இடத்தில் நடக்கும்: கட்டையை முழு நீளமாக வாங்கிக் கடையில் அறுத்துக்கொள்வதா, நிறுவனமே அளவுக்கு மூலை அறுத்து அனுப்புவதா, அறுத்து அனுப்பினால் சேதாரம் யார் கணக்கில், ஒரு வகைச் சரக்கு வருவது நின்றுபோவதற்கு எத்தனை மாதம் முன்பே சொல்வார்கள் என்பவைதான் சின்னக் கடைக்காரரின் உயிர்நாடியான கேள்விகள். இவற்றைத் தொலைபேசியில் கேட்டால் ஒரு பதில், மேசைக்கு எதிரே நின்று கேட்டால் வேறு பதில்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘கண்காட்சி’ கண்ணுக்குரியது. பார்க்க வருவோர் ஒரு சாரார், காட்டுவோர் ஒரு சாரார். நம்மூர்ப் பேச்சில் அதன் அக்காவான ‘பொருட்காட்சி’யைச் சொன்னால் சென்னைத் தீவுத்திடலும் இராட்சத ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் நினைவுக்கு வரும், மதுரைக்காரருக்குச் சித்திரைப் பொருட்காட்சி. சனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் மேற்குக் கடற்கரைக் கலை, சட்டக் கண்காட்சிக்கு அந்தச் சொல் தகும்; அது பெரிய அரங்கு, வரிசை வரிசையாகக் கடைகள், நாடு முழுவதிலுமிருந்து கூட்டம். நான் சொல்வது அதுவன்று. நகத்தை விட்டு ஆழம் பார்க்கும் இடத்தைக் கண்காட்சி என்றால் என் கை கோபித்துக்கொள்ளும்.

‘மாநாடு’ என்றால் மேடை, தலைமையுரை, தீர்மானம். எங்கள் கூட்டத்தில் தீர்மானம் எதுவும் நிறைவேறுவதில்லை. ‘சங்கமம்’ விளம்பரப் பலகைகளில் பட்டுத் தேய்ந்துவிட்டது. ‘சாத்து’ பரிந்துரைத்த பெரியவரின் புலமைக்குத் தலைவணங்குகிறேன். வணிகச் சாத்து என்பது பொருள்பொதிந்த பழஞ்சொல்தான். ஆயினும் இன்று ‘சாத்து’ என்றால் கதவைச் சாத்துவார்கள், இல்லாவிட்டால் முதுகில் சாத்துவார்கள். மேலும் சாத்து ஊர் ஊராகப் பயணம் போகும் வணிகக் கூட்டம். இங்கே கடைக்காரர்கள் தங்கள் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு ஓரிடத்துக்கு வருகிறார்கள்.

உண்மையான சிக்கல் ‘வணிகம்’ என்ற முன்னொட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்நிகழ்ச்சியின் பெயரில் வரும் ‘டிரேட்’ (trade) என்ற சொல்லுக்கு வாங்கி விற்பது என்றும் பொருள், ஒருவர் கைக்கொண்டிருக்கும் தொழில் என்றும் பொருள். இலண்டனில் 1847இல் அச்சுப்பட விற்பனையாளர் சங்கமாகத் தோன்றி, 1910இல் இன்றைய பெயரைப் பெற்ற நுண்கலைத் தொழிற்குழாமின் (Fine Art Trade Guild) பெயரிலும் அதே சொல் உண்டு. அங்கே அது தொழிலின் ஒழுங்கையும் தரத்தையும் காக்கும் குழுவையே குறிக்கிறது. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ‘வணிக’ என்றும் ‘வர்த்தக’ என்றும் போட்டுவிடுகிறோம். விளைவாக, காலை முழுதும் சன்னல் அட்டையின் மூலையை மிகைவெட்டு (கத்தி மூலையைத் தாண்டி ஓடுவது) விழாமல் அறுப்பது எப்படி என்று பயிலும் ஒரு நாள், ஏதோ ஏற்றுமதி ஒப்பந்த நாள் போல வாசகர் காதில் விழுகிறது.

ஆகவே ‘தொழில்’ என்ற பகுதி வேண்டும். ‘தொழிற்கூட்டம்’ தொழிற்சங்க வாயிற்கூட்டத்தை நினைவூட்டுகிறது. ‘தொழிற்கூடல்’ எனலாமா என்று பார்த்தேன். ‘தொழிற்கூடம்’ என்ற பட்டறைச் சொல்லுக்கு ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. இலக்கிய வாசகர்கள் மாதம் ஒருமுறை சந்திப்பதைக் ‘கூடுகை’ என்று எழுதுவது இப்போது பரவியிருக்கிறது. கூடுகிற வினையே பெயராக நிற்பதால் மேடையும் இல்லை, கொடியும் இல்லை. எனவே என் பரிந்துரை: ‘வட்டாரத் தொழிற்கூடுகை’.

வட்டாரமா மண்டலமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமம் எடுத்த எவருக்கும் இச்சொல் புதிதன்று. மண்டலம் என்றால் மாநகராட்சியும் இரயில்வேயும் குறுக்கே வருகின்றன.

படங்களுக்குச் சட்டம் போடுபவரை என்னென்பது என்பதும் மிச்சமிருக்கிறது. ‘சட்டம் போடுபவர்’ என்று வெறுமனே எழுதினால் சட்டமன்ற உறுப்பினர் ஆகிவிடுவார். ‘படச்சட்டர்’ வாயில் ஒட்டவில்லை. ‘படச்சட்டத் தொழிலர்’ என்று எழுதியிருக்கிறேன். தொழிலாளர் என்றால் கடை அவருடையதில்லை என்றாகும், தொழிலதிபர் என்றால் அவர் பசை தொட்ட கையுடையவரில்லை என்றாகும். எங்களில் பெரும்பாலோர் இரண்டும்தான்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

காடியைப் பற்றி எழுதியதைப் படித்தபின் யாழ்ப்பாணத்தில் எங்கள் பெரியப்பாவின் பட்டறை கண்முன் வந்தது. அங்கே படத்துக்குப் ‘பிறேம்’ போடுவார்கள். ஆனால் பிறேமின் உட்பக்கத்தில் எடுப்பதைக் காடி என்றுதான் சொல்வார்கள். அச்சொல்லைக் காப்பாற்றியமைக்கு நன்றி.

மூன்று தடைகள் சொல்ல வேண்டும். முதலாவது, ‘கூடுகை’ எங்கள் பக்கத்தில் தேவாலயச் செபக்கூட்டத்தைக் குறிக்கும். அறிவிப்பில் அதைத் தனியே கண்டால் பலர் வேதாகமத்தோடு வந்து நிற்பார்கள். இரண்டாவது, ‘தொழிற்கூடல்’ பட்டறையோடு மயங்கும் என்று விலக்கிய நீங்கள் ‘தொழிற்கூடுகை’யை ஏற்பது எப்படி? வேகமாக வாசித்தால் இதுவும் அதே குழியில்தான் விழும். மூன்றாவது, சரக்குத் தருகிறவர்களும் வருகிறார்கள் என்றீர்கள். அவர்கள் உங்கள் தொழிலைச் செய்பவர்கள் அல்லர். பெயரில் அவர்களுக்கு இடம் எங்கே? வட்டாரம் என்பதில் எனக்கு வழக்கில்லை. இலங்கையில் பிராந்தியம் என்போம், பிராந்திய சுகாதாரப் பணிமனை போல. ஆனால் வட்டாரம் எங்களுக்கும் விளங்கும்.

பணிவன்புடன்.

* * *

அன்புள்ள அம்மா,

இரண்டாவது தடையில் நான் பிடிபட்டேன். உங்கள் மடலைப் படித்துவிட்டு என் மனைவியிடம் ‘தொழிற்கூடுகை’ என்று சத்தமாகச் சொல்லி எழுதச் சொன்னேன். அவர் ‘தொழிற்கூடம்’ என்று எழுதிவிட்டு, ‘கை’ எதற்கு என்று கேட்டார். புணர்ச்சிதான் குற்றவாளி. சேர்த்து எழுதாமல் ஆட்பெயராக்கி ‘தொழிலர் கூடுகை’ என்று இரண்டு சொல்லாக விட்டால் மயக்கம் தீர்கிறது. கூடுவது யார் என்பதும் முன்னால் வந்துவிடுகிறது. முதல் தடைக்கும் அதுவே பாதி விடை: ‘தொழிலர்’ முன்னே நிற்கும்போது எவரும் வேதாகமத்தோடு வரமாட்டார்கள், வந்தாலும் நல்ல தோலட்டைக்குப் பொருந்தும் சட்டம் ஒன்றைப் பார்த்துப் போகலாம்.

மூன்றாவதில் உங்களோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. கட்டை விற்க வருபவர்களில் நான் பழகிய பலர் ஒரு காலத்தில் கடை மேசையில் நின்று மூலை சேர்த்தவர்கள். அட்டையின் சாய்வு விளிம்பு ஏன் பழுப்பேறுகிறது என்று கேட்டால், அமிலம் நீக்காத மரக்கூழைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். விலைப்பட்டியலை அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். அவர்கள் விருந்தினராக வந்து தொழிலராக நிற்பவர்கள். ஆயினும் அறிவிப்பின் இரண்டாம் வரியில் அவர்களைத் தனியே சொல்வது முறை. ‘விநியோகஸ்தர்’ திரைப்பட வாடை அடிக்கிறது. ‘வழங்குநர்’ அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் பழகிய சொல், அதையே கொள்கிறேன்.

எனவே மலருக்கு அனுப்பும் கட்டுரையில் தலைப்பை ‘படச்சட்டத் தொழிலர் வட்டாரக் கூடுகை’ என்றும், கீழ்வரியைத் ‘தொழிலரும் வழங்குநரும் மட்டும்’ என்றும் மாற்றிவிட்டேன். லாஸ் வேகஸ் நிகழ்ச்சி கண்காட்சியாகவே இருக்கும். சன்னல் வெட்டிய அட்டைக்குச் சென்னைக் கடைகளில் ‘மவுண்ட்’ என்கிறார்கள்; உங்கள் பெரியப்பாவின் பட்டறையில் அதற்கென்று ஏதாவது சொல் இருந்ததா என்று கேட்டு எழுதினால், அதைப் புது இழையில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.