தொடக்கப் பள்ளிக்கு முதலில் வேண்டியது ஸ்மார்ட் போர்டா, இன்னொரு ஆசிரியரா?

சாக்பீஸ்:
அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கும் திரை வந்துவிட்டது. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை நாங்கள் இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காரும். திரையைப் போட்டுவிட்டால் சத்தமே இருக்காது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் 402-இல் 158-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒரு பையன் 356 என்று எழுதினான். ஒவ்வோர் இலக்கத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். பக்கத்தில் இருந்த பெண் 254 என்று எழுதினாள். அவளுக்குக் கடன் வாங்கத் தெரியும், நடுவில் சைபர் வந்ததும் தடுமாறிவிட்டாள். இரண்டும் தப்பு, ஆனால் வேறு வேறு தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால்தான் எனக்குத் தெரிந்தது. திரையில் அதே பாடம் மூன்று முறை ஓடியிருந்தாலும் இருவரும் அதையேதான் எழுதியிருப்பார்கள். அந்தப் பணத்தில் ஆசிரியர் போட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

தறிவீடு:
டீச்சர், மரியாதையோடு மறுக்கிறேன். அப்பா தறி ஓட்டுகிறவர். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், நான் பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வந்த முதல் கணினி அது. விண்டோஸோடு போஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் இருந்தது. அதை நோண்டி, கெடுத்து, திரும்பச் சரிசெய்துதான் நான் நிரல் எழுதக் கற்றேன். இன்று அதுதான் என் பிழைப்பு.

என் வகுப்பில் சிலர் வாங்கிய வேகத்தில் விற்றார்கள், மறைக்கவில்லை. ஆனால் பணம் கட்டிப் படிக்கும் பள்ளியில் ஆசிரியரும் இருப்பார், திரையும் இருக்கும். ‘இதா, அதா’ என்ற கேள்வி ஏன் எப்போதும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் முன்னால் மட்டும் வந்து நிற்கிறது?

புள்ளிக்கணக்கு:
தம்பி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு நாடே இதைச் செய்து பார்த்திருக்கிறது. பெருவில் அரசு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தது. 319 ஊரகப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, சுமார் 15 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. பொருளைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை.

தறிவீடு:
சரி, தில்லியையும் பாருங்கள். 2015-இல் அங்கே ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பிள்ளை ஏழாம் வகுப்பில் இருந்தாலும், அதன் கணக்கு மூன்றாம் வகுப்பு நிலையில் நின்றிருந்தால் மென்பொருள் அங்கிருந்துதான் தொடங்கும். நான்கரை மாதத்தில், குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னேறினார்கள். டீச்சர் சொன்ன 356, 254 இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நிரலாலும் முடியும். மூளை இல்லாத திரையைத்தான் நீங்கள் திட்டுகிறீர்கள், தொழில்நுட்பத்தை அல்ல.

சாக்பீஸ்:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன் தம்பி. ஒரு நாளைக்கு 90 நிமிடம். அதில் 45 நிமிடம் கணினி, மீதி 45 நிமிடம் சிறு குழுவாக உட்காரவைத்து ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆளை விட்டுவிட்டீர்களே.

நம் ஊர்க் கணக்கையும் சொல்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், பள்ளி மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. அங்கே என்ன இருந்தது? திண்ணை, ஒரு கரும்பலகை, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலையில் வந்து உட்கார்ந்த நம் தெருப் பெண்கள்.

கீரனூரான்:
இரண்டு பேரும் வகுப்பறைக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் தொண்டனாக இருந்தவன். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் போனோம். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்கலாம் என்றார். கல்லுடைக்கும் பெண்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆயிரக்கணக்கில் மைதானத்துக்கு வந்தார்கள். கேலி பேசிய ஆண்களும் உண்டு. அதற்குப் பிறகு பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைக்கும் காத்திருக்கிற அவசியம் அந்தப் பெண்களுக்குக் குறைந்தது. இரண்டு சக்கரமும் ஒரு சங்கிலியும் தொழில்நுட்பம் இல்லையா? ஒரு ஊரையே அது புரட்டிப்போட்டதை நான் கண்ணால் பார்த்தவன்.

தறிவீடு:
ஐயா, நன்றி. நான் சொல்வதும் அதுதான். அந்தப் பெண்கள் சைக்கிள் கற்றபோது மதிப்பெண் கூடியதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. மடிக்கணினியை மட்டும் ஏன் மதிப்பெண்ணால் அளக்கிறோம்? என் அக்காவுக்குக் கிடைக்கவில்லை, திட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டோடு அவளுக்குப் பிளஸ் டூ முடிந்துவிட்டது. என் கணினியில்தான் அவள் தட்டச்சு பழகினாள், வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். அது எந்த ஆய்விலும் வராது.

புள்ளிக்கணக்கு:
சைக்கிளையும் அளந்திருக்கிறார்கள். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை 32 விழுக்காடு கூடியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அதாவது, தடை தூரம், சைக்கிள் அந்தத் தூரத்தை உடைத்தது. மடிக்கணினி தம்பியின் வீட்டில் எந்தத் தடையை உடைத்தது என்று எனக்கு இப்போது புரிகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் பள்ளியில் இருக்கும் திரை எந்தத் தடையை உடைக்கிறது? அதைத்தான் யாரும் இன்னும் சொல்லவில்லை.

சாக்பீஸ்:
அதற்கு என்னிடம் பதில் உண்டு. என் தடை, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஐந்து வகுப்புக்கும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ள நேரமில்லாமல் இருப்பது. அந்த நேரத்தையும் இப்போது செயலியில் பதிவேற்றுகிற வேலை தின்றுவிடுகிறது. வந்த தொழில்நுட்பம் பாடத்தை ஓட்டுகிறது, இல்லையென்றால் என்னிடம் கணக்குக் கேட்கிறது. எனக்கு உதவுகிற மாதிரி ஒன்றுகூட வரவில்லை.

தறிவீடு:
அப்படியென்றால் அதைச் செய்து பார்ப்போம் டீச்சர். உங்களிடம் இருக்கும் டேப்லெட்டிலேயே, இணையம் இல்லாமல் ஓடுகிற மாதிரி. பிள்ளை விடையைத் தட்டினால், எந்த மாதிரித் தப்பு என்று உங்களுக்கு மட்டும் காட்டும். எந்தத் தப்பு எதனால் வருகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு அது தெரியாது.

கீரனூரான்:
பிள்ளைகள் முன்னால் தப்பு என்று சிவப்பில் காட்டாதே தம்பி. முதியோர் வகுப்பிலேயே அதற்காக எழுந்து போனவர்கள் உண்டு.

சாக்பீஸ்:
மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையை நான் விடவில்லை, இதைச் செய்துவிட்டு அதை மறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழித்தலில் ஆரம்பிக்கலாம். இரண்டு வருட நோட்டுகள் என்னிடம் கட்டாக இருக்கின்றன. சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்து அனுப்புகிறேன். படமும் பாட்டும் வேண்டாம். சைபர் நடுவில் வருகிற கணக்குகளை முதலில் போடுங்கள்.