மோரிஸ் மைனர் 1000: ஏற்றத்தில் தட்டுச் சத்தம், எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கொக்குவில் மைனர்:
வணக்கம். 1960 மொடல், 948 சிசி, அப்பாவின் கார். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் எல்லாரையும் போல அவரும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, கார்பரேற்றருக்குள் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். பிறகு பல வருடம் கொட்டிலில் கிடந்தது, போன வருடம்தான் ஓட வைத்தேன். ஊருக்குள் பிரச்சினை இல்லை. கண்டிக்குப் போனபோது மாத்தளை தாண்டி ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்தால் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கராச்சில் கொன்ரோட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) போய்விட்டது, எஞ்சினை இறக்கு என்கிறார்கள். 92 ஒக்டேன்தான் அடிக்கிறேன்.

பழைய பாஸ்:
தம்பி, பொறுங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்து காலை எடுத்ததும் நின்றால் அது பிங்கிங், அதாவது பெற்றோல் நேரம் தவறிப் பற்றும் சத்தம். கொன்ரோட் சத்தம் இப்படிக் கலகலக்காது, மரக்கதவில் சுத்தியலால் தட்டுவது போலக் கனமாக இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்றால் ஹெட்டுக்குள்ளும் பிஸ்டன் தலையிலும் கரி அப்பியிருக்கும். அது இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், சூடானால் தானே கனன்று பெற்றோலைப் பற்ற வைக்கும். எஞ்சின் எண்ணைப் பாருங்கள், முன்னால் உள்ள எழுத்துகளில் எச் இருந்தால் அழுத்த விகிதம் 8.3:1, எல் என்றால் 7.2:1. எச் எஞ்சினுக்குக் கரியும் சேர்ந்து 92உம் அடித்தால் தட்டாமல் என்ன செய்யும்!

சுழிபுரம் சிவா:
ஹெட்டைக் கழற்ற முதல் டிஸ்ரிபியூட்டரைப் பாருங்கள் அண்ணை. பொயின்ற் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) இருக்க வேண்டும், அது கூடினால் டைமிங்கும், அதாவது பிளக் பொறி விடும் நேரமும் முந்திவிடும். உள்ளே இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் இளகியிருந்தாலும் இதே கதைதான்.

கொக்குவில் மைனர்:
எச்தான். பொயின்ற் 22 தௌ இருந்தது! 15க்கு வைத்து, டிஸ்ரிபியூட்டரில் இருக்கும் சின்னத் திருகை ஆர் பக்கம் (டைமிங்கைப் பிந்த வைக்கும் பக்கம்) கொஞ்சம் திருப்பி, 95உம் அடித்தேன். பேணிச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அது நின்ற பிறகுதான் இன்னொன்று கேட்கிறது: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 35 மைல் வேகத்தில் காலை எடுத்தால் டொக் டொக் டொக். ஐட்லிங்கில் ஒயில் லைட்டும் மினுங்குகிறது. 10டபிள்யூ-30 ஒயில்.

பழைய பாஸ்:
அப்போ கராச்காரரும் பாதி சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். இரண்டு சத்தம், பெரியது சின்னதை மூடி வைத்திருக்கிறது. சத்தம் வரும் வேகத்தில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடி நன்றாக இன்சுலேட் ஆன ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் முனையாக எஞ்சின் உடம்போடு தொடுத்து எர்த் பண்ணுங்கள், அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாமல் நிற்கும். வயரைச் சும்மா கழற்றி விடாதீர்கள், கொயிலுக்கு நல்லதல்ல. எதை எர்த் பண்ணும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டரின் கொன்ரோட்தான். ஒயில் லைட்டை நம்பாமல் கேஜ் பூட்டிப் பாருங்கள், சூட்டில் ஓடும்போது 60, ஐட்லிங்கில் 15 பவுண்ட் வர வேண்டும். ஒயிலையும் 20டபிள்யூ-50 ஆக்குங்கள், ஆனால் கெட்டி ஒயில் சத்தத்தை மறைக்கும், அதனால் சோதனை முடிந்த பிறகு.

கொக்குவில் மைனர்:
மூன்றாவதை எர்த் பண்ணினால் சத்தம் ஏறக்குறைய இல்லை. கேஜ் 35, ஐட்லிங்கில் 8. எஞ்சினை இறக்காமலே சம்பை (அடியில் ஒயில் நிற்கும் தொட்டியை) கழற்றினேன். மூன்றாவது கொன்ரோட் பேரிங்கின் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது, மற்ற மூன்றும் பரவாயில்லை. கிராங்க் பின்னில் நகத்தை ஓட்டினேன், கீறல் இல்லை.

பழைய பாஸ்:
நகம் போதாது. மைக்ரோமீற்றரால் இரண்டு மூன்று பக்கம் அளந்து பாருங்கள். வட்டமாக இருந்தால் நாலுக்கும் புது பேரிங் போடலாம், முட்டை வடிவம் என்றால் கிராங்க் கிரைண்டிங் போக வேண்டும். அப்போது எஞ்சின் இறங்கத்தான் வேண்டும், அந்தச் சத்தியத்தை நான் மாற்ற முடியாது. பழைய பேரிங்கின் முதுகில் எண் இருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஹெட்டையும் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள், பிஸ்டன் ஓரத்தில் மட்டும் ஒரு வளையம் விட்டுவிடுங்கள், தேய்ந்த சிலிண்டரில் ஒயில் மேலேறாமல் இருக்க அது உதவும். எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கியதும் இந்தத் தேய்வுக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கொக்குவில் மைனர்:
முதுகில் 020 என்று இருக்கிறது, அதாவது 20 தௌ கிரைண்ட் பண்ணிய கிராங்குக்கான பேரிங். அப்பா காலத்தில் கிராங்கைத் தொடவே இல்லையாம், அதற்கு முதலே யாரோ கிரைண்ட் பண்ணியிருக்கிறார்கள். மைக்ரோமீற்றர் நாளைக்குக் கிடைக்கும். ஹெட் கஸ்கெற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குத்தான் போக வேண்டுமா, யாழ்ப்பாணத்திலேயே யாரிடமாவது இருக்குமா?