போட் டேங்கில் கூமுட்டை நாற்றம்: காற்றே போகாமல் பயோடீசல் எப்படிக் கெட்டது?

கேள்வி (நீரோடி, விசைப்படகு வைத்திருப்பவர்)
நமக்குத் தொழில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில். ஜூன் 1-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபோது டேங்கில் பாதி எண்ணெய் கிடந்தது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவரிடம் வாங்கிய பயோடீசலை டீசலோடு கலந்திருந்தேன். காற்றுப் போகாதபடி மூடியை இறுக்கிவிட்டேன். ஆகஸ்டில் கடலுக்குப் போனால் அரை மணி நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. பில்டர் முழுக்கக் கறுப்புச் சளி, கூமுட்டை நாற்றம். இரும்பு டேங்கின் அடியில் ஊசிமுனை போல ஓட்டை விழுந்து கசிகிறது. கலப்படமாக இருக்குமோ?

பதில் (போட் மெக்கானிக், குளச்சல்)
பில்டரை மாற்றிப் பயனில்லை அண்ணே. டேங்கின் அடித்திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே தண்ணீர் தனியாகப் பிரியும்.

பதில் (நுண்ணுயிரியல் ஆசிரியை, நாகர்கோவில்)
கலப்படம் இல்லாமலும் இப்படி ஆகும். பயோடீசல் என்பது கொழுப்பமிலங்களின் மெத்தில் எஸ்டர், அதாவது கொழுப்பமிலமும் மெத்தனாலும் இணைந்த பொருள். டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். அந்த நீர் அடியில் தங்கியதும் நுண்ணுயிர்கள் எஸ்டரை உடைத்து மெத்தனாலும் கொழுப்பமிலமும் ஆக்கும். இதற்கு ஆக்சிஜனே வேண்டாம், தண்ணீர் போதும். 2010-ல் ஒக்லஹோமா பல்கலைக்கழக ஆய்வில், பயோடீசலை முன்பின் பார்த்திராத நுண்ணுயிர்களே ஒரு மாதத்துக்குள் அதை உடைத்துவிட்டன. நீங்கள் இரண்டு மாதம் கொடுத்திருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த அமிலங்களைத் தின்பவை வேறு கூட்டம். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் இடத்தில் அவை சல்பேட்டைப் பயன்படுத்தும். படகு டேங்கில் சேரும் தண்ணீரில் கடல்நீரும் கலந்திருக்கலாம்; கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் வைத்திருக்கிறது. அதிலிருந்து வருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு: நாற்றம் அது. இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்பைடு ஆவதும், தகட்டை அரிப்பதும் அதுவே. மூடியை இறுக்கியது அவற்றுக்கு வசதியாகிவிட்டது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: தலையை டேங்குக்குள் விடாதீர்கள். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

கேட்டவர்
திறந்தேன் டீச்சர். நாலு லிட்டர் கறுப்புத் தண்ணீர். மழையில் மூடியின் வாஷர் வழியாகவும் இறங்கியிருக்கிறது. மருந்து ஊற்றினால் போதுமா?

பதில் (நுண்ணுயிரியல் ஆசிரியை)
முதலில் தண்ணீரும் சளியும் வெளியே போக வேண்டும். மருந்து கிருமியைத்தான் கொல்லும். செத்த சளி மறுபடி பில்டரை அடைக்கும், தண்ணீர் அப்படியே இருக்கும்.

பதில் (போட் மெக்கானிக்)
ஓட்டைக்கு நேராக வெல்டிங் வைத்துவிடாதீர்கள் அண்ணே. டேங்கைக் கழற்றி, கழுவி, ஆவி போன பிறகுதான் நெருப்பு காட்ட வேண்டும். அடித்தகடு மெலிந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அடுத்த தடைக்காலத்துக்கு வெறும் டீசலை நிரப்பி வையுங்கள், வாரம் ஒருமுறை அடித்திருகைத் திறந்து பாருங்கள்.