நூற்பட்டியலை மாற்றினால் காலனியம் நீங்கிவிடுமா?

முனிர்கா ஆய்வு மாணவி:
எங்கள் துறையின் பாடத்திட்டக் குழு, காலனியப் பார்வையை நீக்குவதாகச் சொல்லி, ஐரோப்பியச் சிந்தனையாளர் சிலரை எடுத்துவிட்டு வடமொழி நூல்கள் சிலவற்றைச் சேர்த்திருக்கிறது. அதே வாரம் நடந்த கருத்தரங்கில், மணிப்பூரிலிருந்து வந்து என்னோடு ஆய்வு செய்யும் தோழியைப் பார்த்து, "நீங்கள் எந்த நாடு?" என்று ஒருவர் கேட்டார், அவையிலிருந்த ஆசிரியர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவரை அந்நியராகக் காணும் கண்ணை எந்தப் பாடம் பழக்கியது என்று கேட்காமல் நூற்பட்டியலை மட்டும் மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தில்லித் தமிழர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.கே. புரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, உங்கள் தோழிக்கு நேர்ந்தது அவமதிப்பு. அதற்கு ஒழுங்கு நடவடிக்கை வேண்டும். ஆனால் நடத்தைக் குற்றத்தையும் பாடத்திட்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி, மூக்கை அளந்து சாதிகளை இனங்களாக வரிசைப்படுத்த முனைந்தார். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில், அதே மூக்களவுப் புள்ளிவிவரங்களைக் கொண்டே, பிராமணரும் தீண்டப்படாதோரும் வேறுவேறு இனத்தவர் என்ற கூற்றை மறுத்தார். தவறான அறிவியலைச் சரியான அறிவியல்தான் வீழ்த்தியது. கருத்து எங்கே பிறந்தது என்று பார்த்து மதிப்பெண் போடத் தொடங்கினால் அந்த ஆயுதத்தையே இழப்போம்.

முனிர்கா ஆய்வு மாணவி:
ஐயா, முடிச்சைப் போட்டது நான் மட்டுமல்ல. 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் தாக்கப்பட்ட அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா இறந்த பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, காவல்துறைக்கும் சட்டத்துக்குமான பரிந்துரைகளோடு, வடகிழக்கின் வரலாற்றையும் பண்பாட்டையும் பாடங்களில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. அடித்த கைக்கும் படிக்காத பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்று அரசு அமைத்த குழுவே கருதியிருக்கிறது.

லோதி காலனி மருத்துவர்:
நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிப்பவன். நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் நோயாளியின் இனத்தைக் குறிப்பிட்டால், "இயல்பு" என்னும் அளவே மாறிவிடும். அமெரிக்காவில் கருப்பினத்தவருக்கு 10 முதல் 15 விழுக்காடும் ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடும் குறைத்துக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. அடிமைகளின் நுரையீரல் இயல்பிலேயே குறையுடையது என்று வாதிட்ட கார்ட்ரைட் என்னும் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் வரை அதன் வேர் செல்கிறது. இப்படிக் கழித்துவிட்டால், நோயால் குறைந்த மூச்சும் இயல்பானதாகத் தோன்றும்; சிகிச்சை தாமதமாகும். 2023இல்தான் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் இனம் பாராத அளவீட்டைப் பரிந்துரைத்தது. அதுவரை நானும் இனத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுத்தேனே தவிர, அது ஏன் இருக்கிறது என்று ஒரு மாணவருக்கும் சொல்லவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆர்.கே. புரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அதைத் திருத்தியதும் ஆய்வுதானே, டாக்டர்? ஆயினும் திருத்த ஒன்றரை நூற்றாண்டு ஆனது ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் இல்லாததும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். என் அச்சம் வேறு. காலனிய நீக்கம் என்ற பெயரில் வேண்டாதவர்களை வெளியேற்றுவார்கள்.

முனிர்கா ஆய்வு மாணவி:
அந்த அச்சம் எனக்கும் உண்டு, ஐயா. 2021இல் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திலிருந்து பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். தமிழில் எழுதிய இரண்டு தலித் பெண்களை வெளியே நிறுத்திவிட்டு எதை நம்முடையது என்று கொண்டாடுவது? திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் காட்டியதற்குப் பின்னால், சென்னைக் கல்லூரியில் பட்டாபிராம சாஸ்திரியும் சங்கரய்யாவும் செய்த உழைப்பு இருக்கிறது. கால்டுவெல்லை அறிந்த நம்மில் எத்தனை பேருக்கு அவர்கள் பெயர் தெரியும்? களத்தில் தகவல் திரட்டித் தருபவரின் பெயர் கட்டுரையில் இடம்பெறுவது இன்றும் அரிது. எனவே இரண்டு கோரிக்கைகளைக் குழுவுக்கு எழுதுகிறேன்: களத்தில் உழைப்பவருக்குக் கட்டுரையாசிரியர் என்ற உரிமை, நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலித், பழங்குடி, வடகிழக்கு மாணவருக்கு வாக்குரிமை.

ஆர்.கே. புரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
முதல் கோரிக்கையில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்தை வாக்கெடுப்பால் முடிவு செய்வதை நான் இன்னும் ஏற்கவில்லை; ஆனால் கருத்தரங்கில் வாய்மூடியிருந்த ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்கும் வரி ஒன்றையும் கடிதத்தில் எழுதுங்கள்.