புதுப்பிப்பு: அந்த மட்டக்குதிரைக்கு வீடு கிடைத்துவிட்டது

விலா எலும்பை எண்ணும்படி மெலிந்து, தலைக்கயிறு மூக்கில் பதிந்து புண்ணாகி, எங்களிடம் வந்துசேர்ந்த மட்டக்குதிரையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன்.

பசியில் கிடந்ததற்கு ஏன் வயிறார தானியம் போடவில்லை என்று அப்போது சிலர் கேட்டீர்கள். பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென மாவுச்சத்து நிறையப் போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயமே நின்றுபோகலாம். அதனால் மருத்துவர் சொன்னபடி குதிரைமசால் என்ற தீவனத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, ராத்திரியிலும் எழுந்து போட்டோம். 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரையுள்ள ஹென்னெக் உடல்நிலை அளவில் 1-இல் வந்தது, இப்போது 5. இதற்கு மேல் கொழுக்கவும் விடக்கூடாது, மட்டக்குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி சீக்கிரம் வரும்.

மேல்நோக்கி வளைந்திருந்த குளம்புகளைப் படிப்படியாகச் சீவினோம். மூக்குப் புண் ஆறி, அங்கே வெள்ளை முடி முளைத்திருக்கிறது. ஆனால் யாராவது கையை உயர்த்தினால் இன்னமும் தலையை வெடுக்கென்று தூக்கிச் சுவரோடு ஒண்டுகிறது, பாவம். இதைப் புது வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர்கள் பலமுறை வந்து, பக்கவாட்டில் நின்று கழுத்தைத் தடவிப் பழகிய பிறகுதான் அனுப்பினோம்.

அங்கே துணைக்கு வயதான பெண்குதிரை ஒன்று இருக்கிறது. குதிரை தனியாக இருக்கக் கூடாது என்பதால் எங்களுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. சவாரிக்கோ வண்டிக்கோ பயன்படுத்துவதில்லை, விற்பதில்லை, வளர்க்க முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தருவது என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.